வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள்!

வண்டி வீட்டுக்குள் டெலிவிஷன் தெரிவது எப்படி?

இங்கிலாந்தில் கோடைக்காலம் பிறந்துவிட்டால், சாலைகளில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம்.

முன்னே ஒரு கார் போகும். அதன் பின்னாலேயே ஒரு வீடு போகும்!

ஆம், வீடுதான். சக்கரம் வைத்த வீடு. காரின் பின்புறக் கொக்கியில் அதை மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் "கேரவன்".

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர், நடிகைகள் இளைப்பாறும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது சாதாரணக் குடும்பங்கள் வைத்திருக்கும் வண்டி. பள்ளிக்கூட ஆசிரியரும் வைத்திருப்பார். பென்ஷன் வாங்கும் தாத்தாவும் வைத்திருப்பார்.

உள்ளே படுக்கை உண்டு. காஸ் அடுப்பு உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டி உண்டு. சின்னஞ்சிறு கக்கூஸும் உண்டு. பகலில் உட்காரும் பெஞ்சு, இரவில் கட்டிலாக மாறிவிடும்.

வண்டி ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. எல்லோரும் முன்னால் உள்ள காரில்தான் உட்கார வேண்டும். முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வீட்டுக் கதவு திறக்கும்.

அங்கே போனதும் ஆளுக்கு ஒரு வேலை! ஒருவர் வண்டி ஆடாதபடி முட்டுக் கொடுப்பார். ஒருவர் உருட்டும் பீப்பாயில் தண்ணீர் கொண்டு வருவார். ஒருவர் மின்சாரக் கம்பியை மாட்டுவார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

டெலிவிஷனில் படம் வரவழைப்பது!

ஊர் சுற்றப் போன இடத்தில் டெலிவிஷன் எதற்கு?

இப்படிக் கேட்பவர்கள் இங்கிலாந்தின் மழையைப் பார்க்காதவர்கள். அங்கே கோடைக்காலத்திலும் மழை வரும். காலையில் பிடித்த தூறல் இரவு வரை நிற்காது. ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள ஒரு பெட்டிக்குள் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் அடைந்து கிடக்க வேண்டும். சீட்டாட்டம் எத்தனை மணி நேரம் ஆடுவது?

இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. அதுதான் காற்று!

கேரவன் உயரமானது; ஆனால் கனம் குறைந்தது. பலத்த காற்று பக்கவாட்டில் அடித்தால், ஓடும் கேரவன் ஆட்டம் கண்டுவிடும். சாலையிலேயே கவிழ்ந்தும் போகும். அது தன்னோடு காரையும் இழுக்கும். ஆகவே, "நாளைக் காலையில் புறப்படலாமா, ஒரு நாள் தங்கிப் போகலாமா?" என்பதை முடிவு செய்ய, முதல் நாள் இரவே வானிலை அறிக்கை தெரிய வேண்டும். மலை இடுக்கில் உள்ள முகாம்களில் டெலிபோன் எடுக்காத இடம் இன்றும் உண்டு. அங்கே டெலிவிஷனும் ரேடியோவும்தான் துணை.

குதிரை இழுத்த வீடு

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பெயர் பெற்றது, 1885-ம் ஆண்டில் உருவானது. அதன் பெயர் "வாண்டரர்". "நாடோடி" என்று பொருள்.

அதைக் கட்டச் சொன்னவர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் டாக்டராக இருந்தவர். சிறுவர்களுக்கு வீரசாகசக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். பிரிஸ்டல் நகரில் இருந்த ஒரு வண்டிக் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது.

அப்போது மோட்டார் கார் ஏது? இரண்டு குதிரைகள் இழுத்தன. இங்கிலாந்தின் தெற்கே புறப்பட்டு, ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வர்னெஸ் வரை டாக்டர் போனார். அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், பாதை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாராம்!

1907-ல் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு சங்கம் தோன்றியது. முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1919-ல், கார் இழுக்கும் கேரவன்கள் விற்பனைக்கு வந்தன.

வீடு சாலைக்கு வந்துவிட்டது. ஆனால் டெலிவிஷன் வருவதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது.

இருந்த இடத்தை விட்டு நகராத பெட்டி!

1926-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, லண்டன் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறை. ஜான் லோகி பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர், விஞ்ஞானிகளை அழைத்துத் தமது கருவியில் உயிருள்ள மனிதரின் முகத்தைத் தெரியச் செய்து காட்டினார். எல்லோரும் அதிசயித்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, லண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் இருந்து பி.பி.சி. ஒழுங்கான டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அது லண்டனுக்கும் சுற்றுப்புறத்துக்கும் மட்டுமே எட்டியது. 1939-ல் உலக யுத்தம் மூண்டதும் ஒளிபரப்பு நின்றது. மீண்டும் 1946-ல் தொடங்கியது. 1949 டிசம்பரில்தான் லண்டனுக்கு வெளியே, சட்டன் கோல்டுபீல்டு என்ற இடத்தில், அடுத்த ஒளிபரப்புக் கோபுரம் வேலை செய்யத் தொடங்கியது.

1953 ஜூன் 2-ந் தேதி எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழா நடந்தது. அதை டெலிவிஷனில் கண்டவர்கள் 2 கோடிக்கும் அதிகம். அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தார்கள். அந்த விழாவுக்காகவே பெட்டி வாங்கியவர்கள் ஏராளம்.

ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியைக் கேரவனில் கொண்டு போக முடியாது. உள்ளே கண்ணாடி வால்வுகள் இருந்தன. குலுங்கினால் கெட்டுப் போகும். கனமோ அதிகம். வால்வுகள் மின்சாரத்தையும் ஏராளமாகக் குடிக்கும்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது டிரான்சிஸ்டர். 1960-ல் ஜப்பானின் சோனி கம்பெனி, வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்களைக் கொண்ட 8 அங்குல டெலிவிஷன் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பாட்டரியிலும் ஓடியது. அதன் பிறகே டெலிவிஷன் கைப்பிடி வைத்துத் தூக்கிச் செல்லும் பொருளாக மாறியது.

1966 ஜூலை 30-ந் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். மேற்கு ஜெர்மனியை 4-க்கு 2 என்ற கோல் கணக்கில் இங்கிலாந்து வென்றது. அது விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமை! அப்படி ஒரு நாளில் வண்டி வீட்டில் படம் தெரியாமல் போனால், குடும்பத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலை குறுக்கே நின்றால்?

டெலிவிஷன் படம் எப்படி வருகிறது?

உயர்ந்த கோபுரத்தில் இருந்து மின்காந்த அலைகள் நாலா பக்கமும் புறப்படுகின்றன. விளக்கு வெளிச்சம் போல, அவை பெரும்பாலும் நேராகவே போகின்றன. குறுக்கே மலை நின்றால், மலைக்குப் பின்னால் நிழல் விழுகிறது. அந்த நிழலில் உள்ள ஊருக்கு அலை சரியாக வந்து சேராது.

அதனால்தான் கோபுரங்களை வானத்தை முட்டும்படி கட்டுகிறார்கள். பெரிய கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்தாக்குகளுக்கு, குன்றின் மேல் சின்னக் கோபுரங்கள் வைத்து அலையை வாங்கி அனுப்புகிறார்கள். பெரியதும் சின்னதுமாக பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் உள்ளன.

இங்கேதான் கேரவன்காரருக்குச் சோதனை!

வீட்டில் இருப்பவர் ஏரியலை ஒரு தடவை திருப்பிக் கட்டினால் போதும். பல வருஷத்துக்குக் கவலை இல்லை. கேரவன்காரர் இன்று கடற்கரையில் இருப்பார். நாளை மலையடிவாரத்தில் இருப்பார். ஒவ்வொரு ஊரிலும் கோபுரம் வேறு, திசை வேறு. மேலும், அழகான முகாம்கள் எல்லாம் மலைக்கும் ஏரிக்கும் நடுவில்தான் இருக்கின்றன. கண்ணுக்கு நல்ல இடம், ஏரியலுக்குக் கெட்ட இடம்!

சிங்கப்பூரில் சிக்கிய நோட்டுப் புத்தகம்

மீன் முள் போலக் குறுக்குக் கம்பிகள் கொண்ட ஏரியலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் மொட்டை மாடிகளில் "ஆண்டெனா" என்று கட்டி வைத்திருந்தார்களே, அதுதான்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். செண்டாய் நகரில் உள்ள சர்வகலாசாலையில், யாகி, உடா என்ற இரு விஞ்ஞானிகள் 1926-ல் அதை உலகுக்குத் தெரிவித்தனர். "யாகி ஏரியல்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1942-ல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தது. அங்கே, பிரிட்டிஷ் ராடார் கருவியைப் பற்றிய குறிப்புகள் அடங்கிய ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அதில் அடிக்கடி "யாகி" என்ற சொல் வந்தது. ஜப்பானிய அதிகாரிகளுக்குப் பொருள் விளங்கவில்லை. பிடிபட்ட பிரிட்டிஷ்காரரைக் கேட்டார்கள்.

"அது உங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர் அல்லவா!" என்று அவர் சொன்னாராம். அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். சொந்த நாட்டில் மதிக்காத கண்டுபிடிப்பு, எதிரி கையில் ஆயுதமாக இருந்தது!

"வந்துவிட்டது! ஐயோ, போய்விட்டது!"

யாகி ஏரியல் ஒரு பக்கம் மட்டுமே நன்றாகப் பார்க்கும். கோபுரம் இருக்கும் திசைக்கு அதன் மூக்கைத் திருப்ப வேண்டும்.

ஆகவே, கேரவன் முகாமில் மாலை வேளைகளில் ஒரு நாடகம் நடக்கும். கணவர் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்று கம்பத்தைத் திருப்புவார். மனைவி உள்ளே பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"தெரிகிறதா?"

"கொஞ்சம் தெரிகிறது!"

"இப்போது?"

"வந்துவிட்டது! அப்படியே விடுங்கள்! ஐயோ, போய்விட்டது!"

தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே கத்திப் பேசிய குடும்பங்களுக்கு இந்த நாடகம் நன்றாகத் தெரியும்.

அனுபவம் உள்ள கேரவன்காரர்கள் இப்படித் திண்டாடுவது இல்லை. அவர்களுடைய வழிகள் இவை:

முகாமில் நுழைந்ததும் சுற்றிலும் பார்ப்பார்கள். பக்கத்து வண்டிகளின் ஏரியல்கள் எந்தப் பக்கம் திரும்பி இருக்கின்றன? ஊருக்குள் உள்ள வீடுகளின் ஏரியல்கள் எந்தப் பக்கம்? பத்து ஏரியல் ஒரே பக்கம் பார்த்தால், கோபுரம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, குறுக்குக் கம்பிகள் படுத்து இருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா என்று கவனிப்பார்கள். பெரிய கோபுரங்களின் அலைகள் பெரும்பாலும் படுக்கையாக வரும். சின்னக் கோபுரங்களின் அலைகள் பெரும்பாலும் செங்குத்தாக வரும். ஏரியலும் அதற்கு ஏற்றபடி படுக்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும். திசை சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால், பாதிக் குற்றம் இதில்தான் இருக்கும்.

பிறகு ஏரியலை மெல்ல மெல்லத் திருப்புவார்கள். ஒரு விரல் அகலம் திருப்பிவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பார்கள். அவசரப்பட்டுச் சுழற்றினால் ஒன்றும் கிடைக்காது.

சில வண்டிகளின் கூரையில் கவிழ்த்து வைத்த தட்டுப் போல ஓர் ஏரியல் இருக்கும். அது எல்லாப் பக்கமும் பார்க்கும். திருப்ப வேண்டிய வேலையே இல்லை. ஆனால் எல்லாப் பக்கமும் பார்ப்பதால், எந்தப் பக்கமும் கூர்மையாகப் பார்க்காது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் போதும். தூரத்தில் இருந்தால் மீன் முள் ஏரியல்தான் கைகொடுக்கும்.

"பூஸ்டர்" என்ற சின்னப் பெட்டியும் விற்கிறார்கள். வந்த அலையை அது பெருக்கிக் காட்டும். ஆனால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்! கெட்டுப் போன பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், பால் நல்லதாகிவிடாது. முதலில் ஏரியலைச் சரியாகத் திருப்ப வேண்டும். பூஸ்டர் அதற்குப் பிறகுதான்.

புரியாத பாஷையில் ஒரு படம்

அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. கடல் அதற்குத் தடையே அல்ல.

இங்கிலாந்தின் சோமர்செட் கடற்கரையில் தங்கும் கேரவன்காரர் சிலர் பெட்டியைத் திருப்பினால், கடலுக்கு அப்பால் உள்ள வேல்ஸ் நாட்டு ஒளிபரப்பு வந்துவிடும். 1982-ல் வேல்ஸ் மொழிக்கென்று ஒரு தனி டெலிவிஷன் ஏற்பட்டது. லண்டன்காரருக்கு அதில் ஒரு வார்த்தை கூடப் புரியாது!

தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் 1980-களில் உயர்ந்த கம்பம் நட்டு, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கு இது புதுமை அல்ல. அங்கே வேல்ஸ், இங்கே கொழும்பு. அலையின் குணம் ஒன்றுதான்.

கோபுரம் சாய்ந்தது!

ஏரியல் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கோபுரமும் நிற்க வேண்டுமே!

யார்க்‌ஷயரில் எம்லி மூர் என்ற இடத்தில் 385 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. 1969 மார்ச் 19-ந் தேதி மாலை, அதன் மேலும் அதைத் தாங்கிய கம்பிகள் மேலும் பனிக்கட்டி உறைந்திருந்தது. திடீர் என்று கம்பம் முறிந்து விழுந்தது! ஒரு தேவாலயக் கட்டிடத்தைக் கம்பி பிளந்தது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயம் இல்லை. லட்சக்கணக்கான வீடுகளில் டெலிவிஷன் இருண்டது. அதே இடத்தில் இன்று 300 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கான்கிரீட் கோபுரம் நிற்கிறது. அது 1971-ல் எழுந்தது.

2021 ஆகஸ்டு 10-ந் தேதி, வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள பில்ஸ்டேல் கோபுரத்தில் தீப்பிடித்தது. அப்போதும் லட்சக்கணக்கான வீடுகளில் படம் நின்றது. பலர் வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். விடுமுறைக்கு அந்தப் பக்கம் வந்த கேரவன்காரர்கள், தங்கள் ஏரியலை எவ்வளவு திருப்பினாலும் பயன் இருந்திருக்காது!

வந்தால் முழுப்படம்; வராவிட்டால் இருட்டு!

பழைய ஒளிபரப்பில் அலை குறைந்தால், படத்தில் புள்ளி புள்ளியாக வெள்ளை மழை பெய்யும். ஓர் ஆளுக்குப் பக்கத்தில் அவருடைய ஆவி போல இன்னோர் உருவம் தெரியும். ஆனாலும் கதை புரியும். சகித்துக்கொண்டு பார்க்கலாம்.

2007-ல் தொடங்கி 2012-க்குள், பிரிட்டன் முழுவதும் "டிஜிட்டல்" ஒளிபரப்புக்கு மாறியது. இதில் பாதி வழி என்பது கிடையாது. அலை போதுமான அளவு வந்தால், கண்ணாடி போலப் படம் தெரியும். ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். பிறகு திரையே இருட்டாகிவிடும்.

அதனால் டிஜிட்டல் ஏரியலைத் திருப்புவது முன்னைவிடக் கடினம். முன்பு மங்கலாகத் தெரிந்த படம், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று வழி காட்டும். இப்போது வழிகாட்டி இல்லை. ஆகவே, அலையின் பலத்தை விளக்குகளால் காட்டும் சின்னக் கருவி ஒன்றை ஏரியல் கம்பியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதிக விளக்கு எரியும் பக்கமே சரியான பக்கம்.

இன்னும் ஒன்று. ஊர் மாறினால், பெட்டிக்குப் புது ஊரின் நிலையங்களைத் தேடிப் பதிவு செய்யும்படி கட்டளை கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, "ஏரியல் கெட்டுவிட்டது" என்று மழையில் ஏறி இறங்கியவர்கள் பலர்!

35,786 கிலோ மீட்டருக்கு அப்பால்

"மலையும் பள்ளமும் வேண்டாம். வானத்தில் இருந்தே படத்தை வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார்கள் சிலர். அவர்கள் வைத்திருப்பது குடை போன்ற டிஷ்.

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைச் சந்திரன்கள் மிதக்கின்றன. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அவையும் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. ஆகவே, தரையில் இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். ஆர்தர் கிளார்க் என்ற எழுத்தாளர் 1945-லேயே, அந்த உயரத்தில் இருந்து ஒளிபரப்பலாம் என்று கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் அவர் இலங்கையில் குடியேறி, 2008-ல் அங்கேயே காலமானார்.

பிரிட்டனுக்கு டெலிவிஷன் அனுப்பும் "அஸ்ட்ரா" சந்திரன்கள் தென்கிழக்கு வானில் உள்ளன. டிஷ்ஷை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். மாதச் சந்தா கட்டாமல் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. மலைநாட்டிலும் படம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் இதற்கும் ஓர் எதிரி உண்டு. அது மரம்!

லண்டனில் இருந்து பார்த்தால், அந்தச் சந்திரன்கள் தரைமட்டத்தில் இருந்து சுமார் 25 டிகிரி உயரத்தில்தான் இருக்கின்றன. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமாக ஒரு மரம் நின்றால், அதில் இருந்து 21 மீட்டர் தூரமாவது விலகி நிற்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளுக்குப் போனால், உயரம் 17 டிகிரிதான். அங்கே அதே மரத்துக்கு 32 மீட்டர் விலக வேண்டும். டிஷ்ஷும் பெரியதாக இருக்க வேண்டும்.

அதனால்தான் டிஷ் வைத்திருப்பவர், முகாம் ஆபீசில் முதல் கேள்வியாக, "தென்கிழக்கில் மரம் இல்லாத இடம் உண்டா?" என்று கேட்கிறார். மற்றவர்கள் நிழலைத் தேடுகிறார்கள். இவர் வெயிலைத் தேடுகிறார்!

மூன்று கால் தாங்கியில் நிற்கும் டிஷ் காற்றில் அசையாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வாளி தண்ணீரைத் தாங்கியில் தொங்கவிடுகிறார்கள். செலவில்லாத வைத்தியம்!

பாட்டரிக் கணக்கு

முகாமில் மின்சாரம் இருந்தால் கவலை இல்லை. காட்டுப் பக்கம் தங்கினால் 12 வோல்ட் பாட்டரிதான் கதி.

கணக்கு சுலபமானது. 24 வாட் சாப்பிடும் சின்ன டெலிவிஷன், 12 வோல்ட் பாட்டரியில் 2 ஆம்பியர் இழுக்கும். இரவில் 4 மணி நேரம் பார்த்தால் 8 ஆம்பியர்-மணி செலவு. 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே, 50-ஐ 8-ஆல் வகுத்தால் ஆறு இரவு பார்க்கலாம். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் அதே பாட்டரியில் ஓடினால், நாட்கள் குறையும்.

காரின் பாட்டரியில் இருந்து டெலிவிஷன் பார்ப்பது மட்டும் கூடாது. இரவில் படம் ஓடும். காலையில் கார் ஓடாது!

உயிருக்கு ஆபத்து!

இரண்டு விஷயங்களில் கேரவன்காரர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

முதலாவது, தலைக்கு மேலே போகும் மின்சாரக் கம்பி. ஏரியல் கம்பம் உலோகத்தால் ஆனது. அதை நீட்டும்போது மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே போதும், ஆளைக் கொன்றுவிடும். கம்பத்தை உயர்த்துவதற்கு முன்னால் ஒரு தடவை மேலே பார்ப்பது, ஓர் உயிரைக் காப்பாற்றும். இடி இடிக்கும்போது கம்பத்தைத் தொடவே கூடாது.

இரண்டாவது, புறப்படும் நேரத்து மறதி. உயர்த்திய கம்பத்தை இறக்காமலே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். முதல் மரக்கிளையோ, முதல் பாலமோ அதை முறித்துவிடும். முறிந்த துண்டு பின்னால் வருபவர் மேல் விழுந்தால் என்ன ஆகும்? ஆகவே, "ஏரியல் இறக்கியாயிற்றா?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காரின் ஸ்டியரிங் சக்கரத்தில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

லைசென்ஸ் வேண்டுமா?

பிரிட்டனில் டெலிவிஷன் பார்க்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1946-ல் முதல் லைசென்ஸுக்குக் கட்டணம் 2 பவுன்.

வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், ஊர் சுற்றும் கேரவனுக்குத் தனியாக வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நிரந்தரமாக நிறுத்தி வைக்கும் கேரவனுக்கு விதி வேறு. அங்கேயும் வீட்டிலேயும் ஒரே நேரத்தில் பார்ப்பதாக இருந்தால் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

டெலிபோன் போட்டியாக வந்தது

இப்போது பிள்ளைகள் கைக்கு ஒரு டெலிபோனில் படம் பார்க்கிறார்கள். இன்டர்நெட் வழியாகவே நிகழ்ச்சிகள் வருகின்றன. ஏரியல் திருப்பும் வேலை பல இடங்களில் குறைந்துவிட்டது. சில முகாம்களில், ஏரியல் கம்பியை மாட்டும் துளையையே வண்டி நிற்கும் இடத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் மலை இடுக்கில் டெலிபோன் அலையும் அதே மலையில்தான் முட்டி நிற்கிறது. முகாமில் நூறு பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட்டைப் பிடித்து இழுத்தால், படம் நின்று நின்று வரும். ஏரியலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒருவர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் கோபுரத்தின் அலை குறைவதில்லை, காசும் கூடுவதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டெலிபோனில் ஆளுக்கு ஒரு மூலையில் ஒரு படம். டெலிவிஷனில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே படம். வெளியே மழை கொட்டும் இரவில், அந்தச் சின்ன வண்டிக்குள் குடும்பம் முழுவதும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காருவது அதனால்தான்.

ஊர் சுற்றுவோர் நினைவில் வைக்க வேண்டியவை நான்கே நான்கு: பக்கத்து ஏரியலைப் பார். தலைக்கு மேலே பார். நிலையங்களைப் புதிதாகப் பதிவு செய். புறப்படும் முன் கம்பத்தை இறக்கு.

இந்த நான்கையும் செய்தவர்களுக்கு, இரவில் வானிலை அறிக்கையும் கிடைக்கும். காலையில் கவலையற்ற பயணமும் கிடைக்கும்!